கூரையில் விளையும் மின்சாரம்: உதவியும் அதன் சுமையும்

மின்சாரத்தை விலைக்கு வாங்குவதொன்றையே வீட்டுக்காரர் அறிந்திருந்த காலம் மாறிவிட்டது. மலேசியத் தாமான்களில் ஆங்காங்கே வீட்டுக் கூரைகளின்மேல் கருநீலத் தகடுகள் வெயிலை நோக்கிக் கிடப்பதை இன்று காண்கிறோம். அவ்வீடுகள் மின்சாரத்தை வாங்குவதோடு அமையாமல், தமக்கு மிஞ்சியதைக் கம்பி வழியே திருப்பி அனுப்பவும் செய்கின்றன. வாங்குபவரே விற்பவருமாகும்போது ஒரு கேள்வி எழுகின்றது. அவர் அனுப்பும் மின்சாரத்துக்கு என்ன விலை? அந்த விலையைக் கொடுப்பவர் யார்?

கதிரவன் தன் ஒளிக்குக் கட்டணம் கேட்பதில்லை. ஆயினும் அவ்வொளியை மின்சாரமாக்கும் கருவிக்கு விலை உண்டு. அவ்விலையைத் தாங்க அரசாங்கங்களும் மின்வாரியங்களும் பலவகை உதவிகளை வகுத்துள்ளன. அவ்வுதவிகள் யாவும் ஏதோ ஒரு பையிலிருந்து வருவனவே. அஃது எந்தப் பை என்பதை அறிந்தால்தான் அவ்வுதவி நேரியதா, நெடுநாள் நிலைக்குமா என்பதை நாம் உணர முடியும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகடு செய்யும் வேலை

1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலம் ஒன்றைச் செய்து காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கிற்று. இன்று வீடுகளில் பொருத்தும் தகடுகள் 20 விழுக்காட்டையும் தாண்டிவிட்டன. தகட்டிலிருந்து வருவது நேர்மின்னோட்டம். வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டுவது மாறுமின்னோட்டம். இன்வெர்ட்டர் என்னும் கருவி முன்னதைப் பின்னதாக மாற்றித் தருகின்றது.

மலேசியாவின் வெயிலில் ஒரு கிலோவாட் அளவுள்ள தகடுகள் மாதத்துக்குச் சற்றேறக்குறைய 100 யூனிட் தரும். யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. எனவே நான்கு கிலோவாட் அமைத்த வீட்டுக்கு மாதம் 400 யூனிட் கிடைக்கலாம். ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. தகடு மிகுதியாக விளைவிப்பது நண்பகலில். அப்போது பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றிருப்பர். குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் துணி துவைக்கும் இயந்திரமும் ஓடுவது பெரும்பாலும் மாலைக்கும் இரவுக்கும்தான். பகலில் மிகுதி, இரவில் பற்றாக்குறை என்னும் இந்த நிலையே வீட்டுச் சூரிய மின்சாரத்தின் பொருளாதாரம் முழுவதற்கும் அடிப்படையாகும். பகல் மிகுதியைப் பொதுக் கம்பியில் விட்டு, இரவில் அதே கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். இருபுறமும் கணக்கெடுக்கும் மீட்டர் அதனைக் குறித்து வைக்கின்றது. மீட்டர் குறிப்பது அளவை மட்டுமே. விலையைக் குறிப்பது சட்டம்.

உதவி ஏன் வேண்டியிருந்தது?

கூரைக்காரருக்குப் பிறர் ஏன் உதவ வேண்டும் என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. சூரிய மின்சாரத்துக்குச் செலவு முழுவதும் முதலிலேயே வந்துவிடுகின்றது. நிலக்கரி நிலையத்துக்கு நாள்தோறும் எரிபொருள் வேண்டும். தகட்டுக்கு எரிபொருள் செலவு இல்லை. ஆனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குரிய மின்சாரத்தின் விலையை முதல் நாளே கொடுத்து வைப்பது போன்றது தகடு வாங்குவது. மாதச் சம்பளக்காரரில் அத்தகைய முதலுடையோர் சிலரே.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. எந்தப் பொருளும் மிகுதியாகச் செய்யப்படும்போதே மலிவாகும். தகடு விலை அதிகமாயிருந்தமையால் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாமையால் விலை இறங்கவில்லை. இந்தச் சுழலை உடைக்க, தொடக்கத்தில் எவரேனும் நட்டத்தைத் தாங்கியே ஆகவேண்டியிருந்தது. சில நாட்டு மக்கள் அதனைத் தாங்கினர். அதன் பயன் உலகுக்கே கிட்டிற்று. 2010 ஆம் ஆண்டை ஒட்டிய விலையோடு ஒப்பிடின், பத்தே ஆண்டுகளில் தகட்டின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வீழ்ந்தது.

உதவியின் மூன்று வகை

உலக நாடுகள் கையாண்ட முறைகள் பலவாயினும், அவற்றை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது மானியம். தகடு பொருத்தும் செலவில் ஒரு பகுதியை அரசாங்கமே கொடுத்துவிடும். ஜப்பான் 1994 இல் வீட்டுக் கூரைகளுக்குச் செலவில் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்து இம்முறையைத் தொடங்கி, பின் படிப்படியாகக் குறைத்து, 2005 இல் நிறுத்திற்று. 2009 இல் மீண்டும் தொடங்கிற்று. வரிச்சலுகையும் குறைந்த வட்டிக் கடனும் இவ்வகையைச் சார்ந்தவையே. இதன் சுமை வரிப்பணத்தின்மேல் விழுகின்றது.

இரண்டாவது உறுதி விலை. தகடு பொருத்தும் செலவு வீட்டுக்காரருடையது. அதில் விளையும் ஒவ்வொரு யூனிட்டையும் இன்ன விலைக்கு, இத்தனை ஆண்டுக்கு வாங்கிக்கொள்வதாகச் சட்டம் வாக்களிக்கும். இதன் சுமை பெரும்பாலும் மற்ற மின்பயனீட்டாளர்களின் மாதக் கட்டணத்தில் ஏறும்.

மூன்றாவது ஈட்டுக் கணக்கு. பணம் கைமாறுவதில்லை. வீட்டுக்காரர் கம்பியில் விட்ட யூனிட்டை அவர் எடுத்த யூனிட்டிலிருந்து கழித்து, எஞ்சியதற்கு மட்டும் கட்டணம் வாங்குவர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1983 இலேயே இதற்குச் சட்டம் செய்தது. மிக எளிய முறை. ஆனால் இதன் சுமை எங்கே விழுகின்றது என்பது வெளிப்படையாகத் தெரிவதில்லை.

ஜெர்மனி காட்டிய வழி

வெயில் குறைந்த ஜெர்மனி இத்துறையில் முன்னே சென்றது வியப்புக்குரியது. 1990 இல் அந்நாடு ஆயிரம் கூரைத் திட்டத்தைத் தொடங்கியது. செலவில் 70 விழுக்காடு வரை மானியமாகக் கிடைத்தது. பெயர் ஆயிரமாயினும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூரைகள் அதில் இடம்பெற்றன. 1991 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் சராசரி விற்பனை விலையின் 90 விழுக்காட்டுக்கு வாங்க மின்வாரியங்களைக் கட்டாயப்படுத்திற்று. காற்றாலைக்கு அது போதுமானதாயிற்று. சூரியத் தகட்டுக்குப் போதவில்லை. ஆஹன் என்னும் நகரம் வேறு வழியைக் கண்டது. விற்பனை விலையைப் பார்க்காமல், தகட்டுக்காரருக்கு ஆகும் செலவைப் பார்த்து விலை வைப்பது என்று முடிவு செய்து, 1995 இல் யூனிட்டுக்கு இரண்டு மார்க் வரை கொடுத்தது.

அந்த நகரத்தின் கருத்தே 2000 ஏப்ரல் 1 இல் நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 99 பென்னிக் என்று விலை வைத்தனர். வீடுகள் மின்சாரம் வாங்கிய விலையைப்போல் அது மூன்று மடங்குக்கும் மேல். 20 ஆண்டுக்கு அவ்விலை மாறாது. ஆனால் புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுதோறும் விலை குறைந்துகொண்டே வரும். முன்னே வந்தவருக்கு மிகுதி, பின்னே வருபவருக்குக் குறைவு என்பது ஓரவஞ்சனை போலத் தோன்றும். உண்மையில், முன்னே வந்தவர் மிகுதி விலைக்குத் தகடு வாங்கினார். பின்னே வருபவர் மலிவாக வாங்குகிறார்.

திட்டம் வெற்றி பெற்றது. வெற்றியே சுமையையும் கொண்டுவந்தது. தகட்டு விலை விரைந்து இறங்கியது. உறுதி விலை அவ்வளவு விரைவாக இறங்கவில்லை. 2010, 2011, 2012 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஆண்டுக்கு 7,000 மெகாவாட்டுக்கும் மேல் சேர்ந்தது. எல்லா மின்பயனீட்டாளரும் கொடுத்துவந்த கூடுதல் கட்டணம் 2010 இல் யூனிட்டுக்கு 2.05 சென்ட்டாக இருந்து, 2017 இல் 6.88 சென்ட்டாக உயர்ந்தது. மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடும் பெருந்தொழில்கள் பலவற்றுக்கு அதில் விலக்கு இருந்தது. வாடகை வீட்டில் வாழ்ந்தவருக்கோ விலக்கு இல்லை. 2022 ஜூலை 1 முதல் அக்கட்டணம் மின்சீட்டிலிருந்து நீக்கப்பட்டு, அச்செலவை அரசாங்கக் கருவூலம் ஏற்றுக்கொண்டது.

மலேசியா ஏற்ற உறுதி விலை

இனி மலேசியாவுக்கு வருவோம். 2005 இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, கட்டடங்களில் சூரியத் தகடு பொருத்தும் முயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பகுதியாக வந்த 'சூரியா 1000' திட்டத்தில் மானியம் ஏல முறையில் கொடுக்கப்பட்டது. செலவில் மிகுதியான பங்கைத் தாமே ஏற்க முன்வந்தவர்க்கு முதலிடம் கிடைத்தது.

அதன் பின்னர் ஜெர்மானிய முறையைத் தழுவி 2011 இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இயற்றப்பட்டது. அதனை நடத்தச் சேடா என்னும் ஆணையம் அமைந்தது. 2011 டிசம்பர் 1 இல் உறுதி விலை தொடங்கிற்று. நான்கு கிலோவாட் வரையுள்ள வீட்டமைப்புக்கு 2012 இல் அடிப்படை விலை யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 காசு. கட்டடத்தின்மேல் பொருத்தியிருந்தால் 26 காசு கூடுதல். ஆக 1 வெள்ளி 49 காசு. அன்றைய வீட்டுக் கட்டணத்தின் மிக உயர்ந்த படியைப்போல் இது மூன்று மடங்குக்கு மேல். மாதம் 400 யூனிட் விற்றவருக்கு 596 வெள்ளி. ஆண்டுக்கு 7,152 வெள்ளி. 21 ஆண்டுக்கு அவ்விலை உறுதி.

இப்பணம் எங்கிருந்து வந்தது? மின்கட்டணத்தில் 1 விழுக்காடு தனியே வாங்கப்பட்டு, ஒரு நிதியில் சேர்க்கப்பட்டது. 2014 ஜனவரி முதல் அது 1.6 விழுக்காடாயிற்று. மின்சீட்டில் 'கே.டபிள்யூ.டி.பி.பி.' என்னும் எழுத்துகளோடு காணப்படும் தொகை இதுவே. மாதம் 300 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அதனால் ஏழைக் குடும்பத்தின்மேல் சுமை நேரே விழவில்லை. ஜெர்மனியைவிட இப்பகுதியில் மலேசியச் சட்டம் சிறந்தது எனலாம்.

ஆனால் நிதி அளவுக்கு உட்பட்டது. ஜெர்மனியில் எத்தனை கூரை வந்தாலும் சட்டம் ஏற்றது; கட்டணம் உயர்ந்தது. மலேசியாவில் கட்டணத்துக்கு வரம்பிட்டனர். அதனால் கூரைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பிட வேண்டியதாயிற்று. ஒதுக்கீடு திறந்தவுடன் முந்திக்கொண்டவர்க்கே இடம். செய்தி முன்னே அறிந்தவரும், முதல் கையில் உள்ளவரும், படிவம் நிரப்ப ஆள் வைத்திருந்தவருமே இத்தகைய முறையில் முந்துவர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

உறுதி விலையிலிருந்து ஈட்டுக் கணக்குக்கு

தகட்டு விலை இறங்கியபின் இவ்வளவு உயர்ந்த விலை தேவையற்றதாயிற்று. 2016 நவம்பரில் ஈட்டுக் கணக்கு முறை தொடங்கப்பட்டது. ஆனால் அம்முதல் வடிவம் முழு ஈடு அன்று. வீட்டார் தாமே பயன்படுத்திய யூனிட் கட்டணத்திலிருந்து கழிந்தது. மிகுதியாக அனுப்பிய யூனிட்டுக்கோ 31 காசு வீதமே வரவு வைத்தனர். 500 மெகாவாட் ஒதுக்கியிருந்தும் 2018 முடியுமளவும் அதில் சிறு பகுதியே நிரம்பிற்று.

2019 ஜனவரி 1 முதல் கணக்கு மாறிற்று. ஒரு யூனிட் அனுப்பினால் ஒரு யூனிட் கழியும் என்று ஆக்கினர். தகடும் அதுவே, வெயிலும் அதுவே, ஒதுக்கீடும் அதுவே. மாறியது மிகுதி யூனிட்டின் விலை ஒன்றுதான். 2020 இறுதிக்குள் 500 மெகாவாட்டும் தீர்ந்துபோயிற்று. மக்களை நகர்த்துவது விளம்பரமன்று, விலையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

2021 இல் மூன்றாம் வடிவம் வந்தது. வீடுகளுக்கான பிரிவுக்கு 'நெம் ரக்யாட்' என்று பெயர். ஒன்றுக்கொன்று என்னும் ஈடு பத்தாண்டுக்கு உண்டு. அதன்பின் தானே பயன்படுத்திக்கொள்வது மட்டுமே. 2024 ஏப்ரல் முதல் 'சோலாரிஸ்' என்னும் மானியமும் இதனோடு சேர்ந்தது. கிலோவாட்டுக்கு ஆயிரம் வெள்ளி, மிகுதியாக 4,000 வெள்ளி. இத்திட்டம் 2025 ஜூன் 30 இல் முடிவுற்றது. 2026 ஜனவரி 1 இல் 'சோலார் அத்தாப்' என்னும் புதிய திட்டம் தொடங்கிற்று. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டிய சொல்தான். ஆயினும் மலாயில் அது கூரையைக் குறிக்கும். அத்தாப்பு வீட்டை அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. ஒன்றுக்கொன்று என்னும் பழைய ஈட்டை விடுத்து, மின்சாரத்தை உற்பத்தி செய்யும் விலையை ஒட்டி மிகுதிக்கு வரவு வைப்பது இதன் போக்கு. ஏன் இந்த மாற்றம்? அதனை அறியச் சிறு கணக்கு ஒன்று போட வேண்டும்.

இரு வீடுகளின் கணக்கு

2014 முதல் 2025 ஜூன் வரை தீபகற்பத்தில் இருந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 200 யூனிட்டுக்கு 21.8 காசு வீதம். அடுத்த 100 க்கு 33.4 காசு, அடுத்த 300 க்கு 51.6 காசு, அடுத்த 300 க்கு 54.6 காசு, அதற்கு மேல் 57.1 காசு. படிப்படியாக ஏறும் கட்டணம். சிக்கனமாக வாழ்பவருக்கு மலிவு. மிகுதியாகச் செலவிடுபவருக்கு விலை அதிகம்.

முதல் வீடு மாதம் 700 யூனிட் செலவிடுகின்றது. தகடு இல்லாதபோது அதன் கட்டணம் 286 வெள்ளி 40 காசு. நான்கு கிலோவாட் பொருத்தி 400 யூனிட் ஈடு பெற்றால், எஞ்சிய 300 யூனிட்டுக்குக் கட்டணம் 77 வெள்ளி. மாத ஆதாயம் 209 வெள்ளி 40 காசு. யூனிட்டுக்கு 52 காசுக்கு மேல். கழிந்தவை யாவும் உயர்ந்த படிகளிலிருந்து கழிந்தன என்பதைக் கவனிக்க.

இதே வீடு 2016 முறையில் இருந்து, விளைந்ததில் பாதியைப் பகலில் தானே பயன்படுத்தி, மீதி 200 யூனிட்டை 31 காசுக்கு அனுப்பியிருந்தால், ஆதாயம் 168 வெள்ளி 20 காசு மட்டுமே. மாதம் 41 வெள்ளி 20 காசு குறைவு. ஆண்டுக்கு 494 வெள்ளி 40 காசு.

இரண்டாம் வீடு சிறு குடும்பம். மாதம் 300 யூனிட். கட்டணம் 77 வெள்ளி. அவர்கள் இரண்டு கிலோவாட் பொருத்தி 200 யூனிட் ஈடு பெற்றால், கட்டணம் 21 வெள்ளி 80 காசாகும். ஆதாயம் 55 வெள்ளி 20 காசு. யூனிட்டுக்கு 27.6 காசு. ஒரே வெயில், ஒரே வகைத் தகடு; ஆயினும் பெரிய வீட்டின் யூனிட் சிறிய வீட்டின் யூனிட்டைவிட ஏறத்தாழ இருமடங்கு மதிப்புடையதாகின்றது.

கணக்கின் பொருட்டு, கிலோவாட்டுக்கு 5,000 வெள்ளி செலவு என்று வைத்துக்கொள்வோம். பெரிய வீடு போட்ட 20,000 வெள்ளியும் எட்டாண்டில் திரும்பிவிடும். சோலாரிஸ் மானியம் 4,000 கிடைத்தால் ஆறரை ஆண்டுக்குள் திரும்பும். சிறிய வீடு போட்ட 10,000 வெள்ளி திரும்பப் பதினைந்து ஆண்டு வேண்டும். மானியம் 2,000 கிடைத்தாலும் பன்னிரண்டு ஆண்டு. ஒப்பந்தமோ பத்தாண்டுக்கே. உதவி எல்லார்க்கும் பொது என்றே எழுதப்பட்டிருந்தது. ஆனால் கணக்கு ஒருவரை ஏற்றது, மற்றவரை ஏற்கவில்லை.

கம்பியின் விலை

ஒரு யூனிட்டின் விலையில் என்னென்ன அடங்கியிருக்கின்றன? 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணமுறை இதனைப் பிரித்துக் காட்டிற்று. மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு மின்னாற்றலின் விலை 27.03 காசு, நிலையங்களை ஆயத்தமாக வைத்திருப்பதற்கு 4.55 காசு, கம்பி, கம்பம், துணைநிலையம் ஆகிய வலையமைப்புக்கு 12.85 காசு. கூட்டினால் 44.43 காசு. குறைவாகச் செலவிடுவோருக்கு இதிலிருந்து தள்ளுபடியும் உண்டு.

கூரைக்காரர் ஒரு யூனிட் அனுப்பும்போது மின்னாற்றலைத் தருகிறார். கம்பியைத் தருவதில்லை, கம்பியைப் பயன்படுத்துகிறார். பகலில் அனுப்பவும் இரவில் எடுக்கவும் அவருக்குக் கம்பி வேண்டும். ஒன்றுக்கொன்று என்று முழு யூனிட்டையும் கழித்துவிட்டால், கம்பிக்கு அவர் தரவேண்டிய பங்கும் சேர்ந்து கழிந்துவிடுகின்றது. கம்பத்துக்கும் துணைநிலையத்துக்கும் ஆகும் செலவோ குறைவதில்லை. கூரைகள் சிலவாக இருக்கும்போது இது பொருட்படுத்தத்தக்கதன்று. பலவாகும்போது எஞ்சியவர் அதனைச் சுமக்க வேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனையும் சொல்லுதல் முறை. நண்பகலில் குளிர்சாதனங்கள் அலுவலகங்களில் ஓடும்போது கூரை மின்சாரம் அருகிலேயே செலவாகின்றது. தொலைவிலுள்ள நிலையத்திலிருந்து வரும்போது ஏற்படும் இழப்பு அதில் இல்லை. எரியாமல் எஞ்சும் நிலக்கரிக்கும் வாயுவுக்கும் ஒரு மதிப்பு உண்டு. தூய காற்றுக்கும் மதிப்பு உண்டு. எனவே கூரைக்காரர் பிறர் தயவில் வாழ்பவர் என்று கூறுவது பிழை. ஒரு யூனிட்டின் நேரிய விலை எது என்பதே வழக்கு.

கலிபோர்னியாவில் இவ்வழக்கு நெடுநாள் நடந்தது. 1990 களின் நடுவில் அம்மாநிலம் முழு ஈட்டை ஏற்றது. கூரைகள் பெருகின. நண்பகலில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சியது. கதிரவன் மறைந்தபின் பற்றாக்குறை ஏற்பட்டது. 2023 ஏப்ரல் 15 முதல் புதிதாகச் சேர்வோர் அனுப்பும் யூனிட்டின் மதிப்பு, சராசரியாகப் பழையதில் கால் பங்கு அளவுக்குக் குறைக்கப்பட்டது. உடனே கூரை வேலைகள் வெகுவாகக் குறைந்தன. தகடு பொருத்தியவரும் மின்கலச் சேமிப்பையும் சேர்த்தே பொருத்தத் தொடங்கினர். உதவியைத் திடீரென்று வெட்டினால் அத்தொழிலை நம்பியவர் துன்புறுவர். வெட்டாமலே விட்டால் கூரை இல்லாதவர் துன்புறுவர். படிப்படியாக, முன்னறிவிப்போடு குறைப்பதே நன்முறை என்பது இதனால் விளங்கும்.

கூரை இல்லாதவர்

அடுக்குமாடி வீட்டில் வாழ்வோருக்கும் வாடகைக்கு இருப்போருக்கும் சொந்தக் கூரை இல்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்கள் நம்மில் மிகப் பல. இவ்வளவு நேரமும் பேசிய மூவகை உதவியும் அவர்கள் வாசலைக் கடந்து சென்றுவிடுகின்றன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் பெரும்பாலோர் வாழ்வது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில். அங்கே தனித்தனி வீட்டுக்கு மானியம் என்பதற்குப் பொருள் இல்லை. எனவே 2014 இல் 'சோலார்நோவா' திட்டத்தின்கீழ் அரசாங்க அமைப்புகளின் கூரைகள் பலவற்றை ஒன்றாகத் திரட்டி, தனியார் நிறுவனங்கள் தம் செலவில் தகடு பொருத்துமாறு குத்தகை முறை வகுத்தனர். விளையும் மின்சாரம் பகலில் மின்தூக்கி, தண்ணீர்க் குழாய்ப் பம்பு, பொது விளக்கு ஆகியவற்றுக்குப் பயன்படுகின்றது. மிஞ்சியது பொதுக் கம்பிக்குச் செல்கின்றது. எவர் பெயரிலும் தனி ஆதாயம் இல்லை. ஆயினும் அப்புளோக்கில் வாழும் எல்லாருக்கும் பொதுச் செலவு குறைகின்றது. ஜெர்மனியும் 2017 இல் வாடகைக்காரர் மின்சாரத்துக்கென்று சட்டம் செய்து, கட்டடக் கூரையில் விளைந்ததை அதே கட்டடத்தில் வாழ்வோருக்கு விற்கும் உரிமையாளருக்கு ஊக்கத் தொகை வழங்கிற்று.

தகட்டு விலை உயர்ந்திருந்த நாளில், முதலுள்ளவரைக் கூரைமேல் ஏற்றுவதற்கு உதவி வேண்டியிருந்தது. அவர்கள் ஏறினர், விலை இறங்கிற்று. அவ்வுதவி தன் வேலையை முடித்துவிட்டது. இனி பெரிய வீட்டுக்குப் பெரிய ஆதாயம் என்னும் முறைக்கு அதே பணத்தைச் செலவிடுவதிலும், பள்ளிக்கூரை, கோயில் மண்டபக் கூரை, அடுக்குமாடிப் பொதுக்கூரை ஆகியவற்றுக்கும் சிறு குடும்பங்களுக்கும் அதனைத் திருப்புவதே தக்கது. வழி செய்த பணத்தை வழியில் நிற்பவருக்குக் கொடுப்பது நீதி.

வீட்டுக்காரர் கேட்க வேண்டியவை

தகடு விற்க வருவோர் மாதம் இவ்வளவு மிச்சம் என்று ஒரே தொகையைச் சொல்லிக் கையொப்பம் கேட்பர். அத்தொகை எவ்வாறு வந்தது என்பதைக் கேட்பது வாங்குபவரின் கடமை. மூன்று கேள்விகள் போதும்.

பகலில் என் வீட்டில் எத்தனை யூனிட் செலவாகின்றது? முழு ஈடு நீங்கியபின், தானே பயன்படுத்தும் யூனிட்டுக்கே மதிப்பு மிகுதி. துணி துவைப்பதையும் தண்ணீர் சூடாக்குவதையும் நண்பகலுக்கு மாற்ற முடியுமானால் ஆதாயம் கூடும். ஒருவரும் இல்லாத வீட்டில் பெரிய அமைப்பு வீண்.

அனுப்பும் யூனிட்டுக்கு என்ன விலை? மாத இறுதியில் மிஞ்சிய வரவு அடுத்த மாதத்துக்குச் செல்லுமா? 2019 ஆம் ஆண்டு முறையில் வரவை இருபத்துநான்கு மாதம் வரை சேர்த்து வைக்கலாயிற்று. 2021 முறையில் பன்னிரண்டு மாதமே. விதி மாறக்கூடியது என்பதற்கு இதுவே சாட்சி.

அந்த விலை எத்தனை ஆண்டுக்கு உறுதி? போட்ட பணம் திரும்பும் காலம் ஒப்பந்தக் காலத்தைவிட நீண்டதாயின், அந்தப் பேரத்தில் வெயிலோடு நல்வாய்ப்பையும் சேர்த்தே நம்ப வேண்டியிருக்கும்.

இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை பெற்றபின் கையொப்பமிடுவோர் ஏமாற மாட்டார். அதுபோலவே, ஓர் அரசாங்கம் புதிய திட்டம் ஒன்றை அறிவிக்கும்போது நாட்டு மக்கள் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. இந்த உதவி யாருடைய பையிலிருந்து புறப்பட்டு, யாருடைய கூரையைச் சென்றடைகின்றது? கதிரவன் மாடி வீட்டுக்கும் அத்தாப்பு வீட்டுக்கும் ஒன்றுபோலவே ஒளி தருகிறான். பங்கீட்டில் வேறுபாடு செய்வது மனிதர் எழுதும் கட்டண விதி. மனிதர் எழுதியதை மனிதரே திருத்தி எழுதவும் முடியும்.